பட்டனை அழுத்தினால் சிஸ்டம் ஆன் ஆகவில்லையா? கொங்கு வீடுகளுக்கு 22 குறிப்புகள்

கோவை காந்திபுரத்தில் கடை கடையாக ஏறி இறங்கி, பிராசஸர், மதர்போர்டு, ரேம், எஸ்.எம்.பி.எஸ். என்று ஒவ்வொன்றாக வாங்கி வந்து, சாப்பாட்டு மேஜையில் பரப்பி வைத்துப் பிள்ளைகளே கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்யும் காலம் இது. எல்லாம் மாட்டி முடித்துப் பட்டனை அழுத்தும்போது சத்தமே வராவிட்டால் வீடே சோர்ந்து போகிறது. "எது போச்சோ தெரியலீங்களே" என்ற பயத்தில், நன்றாக இருக்கும் பொருளையே கழற்றி எடுத்துக்கொண்டு கடைக்கு ஓடுகிறோம்.

தோட்டத்தில் மோட்டார் ஓடவில்லை என்றால் நம் ஊர் எலக்ட்ரீஷியன் என்ன செய்கிறார்? முதலில் மெயினில் லைன் வருகிறதா என்று பார்ப்பார். அடுத்து ஃபியூஸ், அதன்பின் ஸ்டார்ட்டர், அப்புறம் கண்டன்சர். மோட்டாரைக் கழற்றி வைண்டிங்குக்கு அனுப்புவது கடைசி வேலை. கம்ப்யூட்டருக்கும் இதே முறைதான். சுவரில் தொடங்கி உள்ளே போங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள். இந்த இரண்டையும் விடாமல் பிடித்துக்கொண்டால் பல பழுதுகள் காசு செலவில்லாமலே கைக்குச் சிக்கும்.

கரண்ட் வரும் வழி

1. பிளக் பாயிண்ட்டில் கரண்ட் இருக்கிறதா என்று செல்போன் சார்ஜரையோ டேபிள் லேம்ப்பையோ மாட்டிப் பாருங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸின் சுவிட்சையும் பாருங்கள். அடுத்து, எஸ்.எம்.பி.எஸ். என்ற பவர் சப்ளை பெட்டியின் பின்பக்கச் சுவிட்ச். அதில் நேர்க்கோடு என்றால் ஆன், வட்டம் என்றால் ஆஃப். கூட்டிப் பெருக்கும்போது துடைப்பம் பட்டு அது அணைந்திருப்பது உண்டு. பவர் கார்டு பார்வைக்கு மாட்டியதுபோல் இருந்தாலும் பாதிதான் உள்ளே போயிருக்கும். கையால் அழுத்தி முழுதாகச் செருகுங்கள்.

2. கேபினட்டைத் தொட்டால் சுருக்கென்று இழுக்கிறதா? எர்த் இல்லை என்று அர்த்தம். எஸ்.எம்.பி.எஸ். உள்ளே இரைச்சலை வடிகட்டுவதற்காக லைனுக்கும் பாடிக்கும் நடுவில் சின்னச் சின்னக் கண்டன்சர்கள் இருக்கும். அவை வழியே கசியும் சிறு மின்சாரம் எர்த்துக்குப் போய்விட வேண்டும். எர்த் இல்லாவிட்டால் இரும்புப் பெட்டி, 230 வோல்ட்டில் ஏறக்குறையப் பாதியில் நிற்கும். அன்னூர் பக்கம் இருக்கும் என் அத்தை "இதைத் தொட்டா எறும்பு கடிச்ச மாதிரி இருக்குது கண்ணு" என்று ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். எலக்ட்ரீஷியன் வந்து சுவிட்ச் பாக்ஸைத் திறந்தார். பச்சை வயர் கழன்று தொங்கிக்கொண்டிருந்தது. ஒரே ஒரு ஸ்க்ரூவை முறுக்கியதும் சரியாகிவிட்டது. மூன்று பின் பிளக்கின் மேல்பக்கத் தடித்த பின்னை ஒருபோதும் வெட்டாதீர்கள். சித்திரை வெயிலில் எர்த் குழி காய்ந்துவிடும்; அவ்வப்போது தண்ணீர் ஊற்றுங்கள்.

3. கிரைண்டர் போட்டதும், போர்வெல் மோட்டார் எடுத்ததும் சிஸ்டம் ரீஸ்டார்ட் ஆகிறதா? இந்த வகை மோட்டார்கள் கிளம்பும் அந்த ஒரு நொடியில் ஓடும்போது எடுப்பதைப்போல் ஐந்து, ஆறு மடங்கு கரண்ட் இழுக்கும். வீட்டு வோல்டேஜ் சட்டென்று இறங்கும். கம்ப்யூட்டர் அணையும் நேரத்தை இரண்டு நாள் குறித்து வையுங்கள். மாவு ஆட்டும் நேரமும் தண்ணீர் விடும் நேரமும் அதோடு ஒத்துப்போனால், கோளாறு கம்ப்யூட்டரில் இல்லை. மோட்டார் லைனில் சேராத தனி வயரில் ஒரு பாயிண்ட் இழுக்கச் சொல்லுங்கள்.

4. த்ரீ ஃபேஸ் உள்ள வீடுகளில் ஒரு ஃபேஸ் லோ வோல்டேஜ் ஆனால், யாராவது போய் ஃபேஸ் மாற்றும் சுவிட்சைத் திருப்புவார்கள். அதற்கு முன் கம்ப்யூட்டரை அணைத்துவிடச் சொல்லி வீட்டில் ஒரு வழக்கம் ஏற்படுத்துங்கள். பல்பு திடீரென்று கண் கூசும்படி எரிந்து, ஃபேன் பேய் வேகத்தில் சுற்றினால் நியூட்ரல் விட்டுப்போயிருக்கலாம். அப்போது 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 400 வோல்ட் வரைகூட ஏறும். உடனே மெயினை ஆஃப் செய்யுங்கள். மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987-க்குச் சொல்லுங்கள்.

5. யு.பி.எஸ். வழியாக ஆன் ஆகாத கம்ப்யூட்டரை நேராகச் சுவர் பாயிண்ட்டில் மாட்டிப் பாருங்கள். ஆன் ஆனால் கோளாறு யு.பி.எஸ்.ஸிலோ அதன் பேட்டரியிலோதான். வீட்டு இன்வெர்ட்டரில் ஓட்டுபவர்கள் அதன் பின்பக்கத்தில் யு.பி.எஸ். மோடு என்று சுவிட்ச் இருக்கிறதா பாருங்கள். கரண்ட் நின்ற பிறகு நல்ல எஸ்.எம்.பி.எஸ். தாக்குப்பிடிப்பது சுமார் 16 மில்லி செகண்ட்தான். சாதாரண மோடில் இன்வெர்ட்டர் மாறுவதற்குள் சிஸ்டம் அணைந்துவிடும். ஸ்கொயர் வேவ் வகைப் பழைய இன்வெர்ட்டர், இன்றைய எஸ்.எம்.பி.எஸ்.களுக்கு ஒத்துவராமல் போகலாம். சைன் வேவ் வகையே நல்லது.

6. கரண்ட் போய் வந்த பிறகு சிஸ்டம் ஆன் ஆகவில்லை என்றால் பதறாதீர்கள். பவர் கார்டைப் பிடுங்கிவிட்டு, கேபினட் பட்டனை 15 விநாடி அழுத்திப் பிடியுங்கள். உள்ளே தேங்கிய மின்சாரம் வடியும். ஐந்து நிமிடம் கழித்து மறுபடி மாட்டுங்கள். எஸ்.எம்.பி.எஸ். தன்னைக் காத்துக்கொள்ளப் பூட்டிக்கொண்டிருந்தால் இதிலேயே விடுபடும்.

உள்ளே கை வைக்கும் முன்

7. பவர் கார்டு வெளியே இருக்க வேண்டும். ஆறாம் குறிப்பில் சொன்னபடி பட்டனை அழுத்தி வடித்துவிடுங்கள். கேபினட்டின் பெயிண்ட் இல்லாத இரும்பைத் தொட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள். உடம்பில் உள்ள நிலைமின்சாரம் இறங்கிவிடும். எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் திறக்காதீர்கள். உள்ளே உள்ள பெரிய கண்டன்சரில் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது அடிக்கும். அந்தப் பெட்டி சந்தேகமாக இருந்தால், வேறொரு நல்ல பெட்டியை இரவல் வாங்கி மாட்டிப் பார்ப்பதே வழி.

அசைவே இல்லை என்றால்

8. முன்பக்கப் பட்டனிலிருந்து வரும் மெல்லிய வயர்களை மதர்போர்டு ஓரத்துச் சின்னப் பின்களில் மாற்றி மாட்டியிருக்கலாம். மதர்போர்டு புத்தகத்தில் படம் இருக்கும். அதைப் பார்த்துச் சரிசெய்யுங்கள். பவர் சுவிட்ச் வயரை எந்தப் பக்கம் மாட்டினாலும் வேலை செய்யும். விளக்கு வயர்களுக்குத்தான் பிளஸ், மைனஸ் உண்டு. பட்டன்மேலேயே சந்தேகம் என்றால் வயரைக் கழற்றிவிட்டு, பவர் சுவிட்சுக்கு உரிய இரண்டு பின்களை ஸ்க்ரூடிரைவர் முனையால் ஒரு விநாடி தொடுங்கள். சிஸ்டம் கிளம்பினால் பழுது பட்டனில்தான்.

9. எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்து மதர்போர்டுக்கு இரண்டு இடங்களில் பவர் போக வேண்டும். 24 பின் உள்ள அகல வயர் ஒன்று. பிராசஸருக்கு என்று தனியாக 8 பின் வயர் இன்னொன்று. என் மகன் முதன்முதலில் பூட்டிய கம்ப்யூட்டரில் ஃபேன் எல்லாம் சுற்றின, விளக்குகள் எரிந்தன, திரையில் மட்டும் எதுவும் வரவில்லை. ஆடி மாத ஞாயிறு ஒன்று முழுக்க அதிலேயே போயிற்று. ரேமைக் கழற்றினோம், மானிட்டரை மாற்றினோம். சாயங்காலம் செல்போன் டார்ச் அடித்துப் பார்த்தால், போர்டின் மேல் இடது மூலையில், ஃபேனுக்குப் பின்னால், அந்த 8 பின் சாக்கெட் காலியாக இருந்தது. வயரைக் கேபினட்டின் பின்னாலிருந்து இழுத்து மாட்டிய மறு நிமிடம் திரை வந்தது. கிராபிக்ஸ் கார்டுக்கான 8 பின் வயரும் பார்க்க இதே போல் இருக்கும். பிராசஸருக்கு உரியது 4+4 என்று பிரியும். கார்டுக்கு உரியது 6+2 என்று பிரியும். உள்ளே போகவில்லை என்றால் அழுத்தித் திணிக்காதீர்கள்.

10. வயர்களைத் தனியாகக் கழற்றி மாட்டும் வகை எஸ்.எம்.பி.எஸ். என்றால், அதனோடு வந்த வயர்களை மட்டுமே போடுங்கள். வாய் ஒரே மாதிரி இருந்தாலும், வேறு மாடலின் வயரில் 12 வோல்ட்டும் 5 வோல்ட்டும் இடம் மாறியிருக்கலாம். ஹார்ட் டிஸ்க் ஒரே நொடியில் எரிந்துவிடும். பழைய பெட்டியை மாற்றும்போது வயர்களையும் சேர்த்தே கழற்றுங்கள்.

11. பட்டனை அழுத்தியதும் ஒரு நொடி ஃபேன் துள்ளி நின்றுவிடுகிறதா? எங்கோ ஷார்ட் இருக்கலாம். மதர்போர்டுக்கு அடியில் நிற்கும் பித்தளைக் குமிழ்கள், போர்டின் ஓட்டைகளுக்கு நேராக மட்டுமே இருக்க வேண்டும். தேவையில்லாத இடத்தில் ஒன்று இருந்தாலும் போர்டின் அடிப்பாகத்தைத் தொட்டு ஷார்ட் செய்யும். தவறி விழுந்த ஸ்க்ரூவும் அப்படியே. போர்டை வெளியே எடுத்து, அது வந்த அட்டைப் பெட்டியின் மேல் வையுங்கள். பிராசஸர், அதன் கூலர், ஒரே ஒரு ரேம், எஸ்.எம்.பி.எஸ். இவை மட்டும் போதும். பிராசஸரிலேயே டிஸ்ப்ளே வசதி இல்லாவிட்டால் கிராபிக்ஸ் கார்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வெளியே ஓடுகிறது, உள்ளே ஓடவில்லை என்றால் குற்றம் கேபினட்டில் மாட்டிய விதத்தில்தான்.

ஃபேன் சுற்றுகிறது, திரை கறுப்பு

12. மானிட்டர் வயர் எங்கே மாட்டியிருக்கிறது என்று பாருங்கள். தனி கிராபிக்ஸ் கார்டு போட்டிருந்தால் வயரை அந்தக் கார்டில்தான் மாட்ட வேண்டும். இன்டெல் ஐ5 12400எஃப் போல எஃப் என்று முடிபவற்றிலும், ரைசன் 5 5600 போன்றவற்றிலும் உள்ளேயே டிஸ்ப்ளே வசதி கிடையாது. கார்டு இல்லாமல் அவற்றிலிருந்து படம் வரவே வராது. வாங்கும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். மானிட்டரில் சரியான இன்புட் தேர்வாகியிருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

13. ரேமைக் கழற்றி மறுபடி மாட்டுங்கள். ஓரத்துப் பூட்டு "டக்"கென்று விழும்வரை இரண்டு முனையிலும் அழுத்த வேண்டும். நான்கு ஸ்லாட் உள்ள பெரும்பாலான போர்டுகளில், பிராசஸர் பக்கத்திலிருந்து எண்ணி இரண்டாவதும் நான்காவதும்தான் முதலில் போட வேண்டியவை. பழைய ரேம் என்றால் தங்க நிறப் பற்களை மென்மையான பென்சில் ரப்பரால் லேசாகத் தேய்த்து, துகளை ஊதித் தள்ளிவிட்டு மாட்டுங்கள். இரண்டு ரேம் இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். எது கெட்டது, எந்த ஸ்லாட் கெட்டது என்பது தானாகத் தெரிந்துவிடும்.

14. டிடிஆர்5 ரேம் உள்ள புது சிஸ்டம், முதல் தடவை ஆன் ஆகும்போது ரேமைப் பழக்கிக்கொள்ளச் சில நிமிடம் எடுக்கும். அதுவரை திரை கறுப்பாகத்தான் இருக்கும். "கெட்டுப்போச்சு" என்று நடுவில் அணைத்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். பத்து நிமிடம் பொறுங்கள். ஒரு டீ போட்டுக் குடித்துவிட்டு வந்தால் படம் வந்திருக்கும்.

15. இன்றைய மதர்போர்டுகள் பலவற்றில் சி.பி.யூ., டிராம், வி.ஜி.ஏ., பூட் என்று நான்கு குட்டி விளக்குகள் இருக்கும். எந்த விளக்கில் வந்து நிற்கிறதோ அங்கேதான் சிக்கல். முறையே பிராசஸர், ரேம், கிராபிக்ஸ் கார்டு, ஹார்ட் டிஸ்க் என்று பொருள். விளக்கு இல்லாத போர்டு என்றால் சின்ன பீப் ஸ்பீக்கர் ஒன்று வாங்கி மாட்டுங்கள். விலை சொற்பம். எத்தனை பீப் வருகிறது என்று எண்ணி மதர்போர்டு புத்தகத்தோடு ஒப்பிட்டால் பழுது எங்கே என்று புரியும்.

16. பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே வரும் மதர்போர்டின் அமைப்புத் திரையில்) எதையோ மாற்றிய பிறகு ஆன் ஆகவில்லை என்றால், பவர் கார்டைப் பிடுங்கிவிட்டு, மதர்போர்டில் உள்ள காசு அளவு சி.ஆர்.2032 பேட்டரியைக் கழற்றி ஐந்து நிமிடம் கழித்து மாட்டுங்கள். கம்பெனி அமைப்புக்கே திரும்பிவிடும். ஒரு எச்சரிக்கை: விண்டோஸில் பிட்லாக்கர் பூட்டு இருந்தால், இதற்குப் பிறகு 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கலாம். அது உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கிறதா என்று இன்றைக்கே பார்த்து, ஒரு நோட்டில் எழுதி பீரோவில் வையுங்கள். அந்த எண் இல்லாமல் உள்ளே உள்ள படங்களும் கணக்கு வழக்குகளும் திரும்பக் கிடைக்காது.

17. பழைய போர்டில் புதுத் தலைமுறை பிராசஸரைப் போட்டால், பயாஸை அப்டேட் செய்யும்வரை அது அடையாளம் தெரியாமல் விழிக்கும். சில போர்டுகளில் பின்பக்கம் ஃபிளாஷ்பேக் பட்டன் இருக்கும். பென் டிரைவ் கொண்டே அப்டேட் செய்யலாம். நடுவில் கரண்ட் போனால் போர்டே ஊமையாகிவிடும். அன்றைக்கு நம் ஏரியாவில் பராமரிப்புக்கான மின்தடை உண்டா என்று பேப்பரில் பார்த்துவிட்டு, யு.பி.எஸ்.ஸில் மாட்டிச் செய்யுங்கள்.

18. கடைசி சந்தேகமாகவே பிராசஸரைக் கழற்றுங்கள். ஏ.எம்.டி.யின் ஏ.எம்.4 சாக்கெட் வகையில் பின்கள் பிராசஸரின் அடியில் இருக்கும். காய்ந்த தெர்மல் பேஸ்ட்டோடு கூலரை வெடுக்கென்று இழுத்தால் பிராசஸரும் பிடுங்கிக்கொண்டு வந்து பின் வளையும். கழற்றும் முன் சிறிது நேரம் ஓட்டிச் சூடாக்கிவிட்டு, அணைத்துப் பவர் கார்டைப் பிடுங்கி, கூலரை இடமும் வலமுமாக மெல்லத் திருகி எடுங்கள். இன்டெல்லிலும் ஏ.எம்.5-இலும் பின்கள் போர்டின் சாக்கெட்டில் இருக்கும்; விரல் படவே கூடாது. சாக்கெட்டோடு வரும் பிளாஸ்டிக் மூடியைத் தூக்கி எறியாதீர்கள். போர்டை வாரண்டிக்கு அனுப்பும்போது அந்த மூடியைப் போட்டுத்தான் அனுப்ப வேண்டும்.

ஆன் ஆகி அணைகிறது

19. பயாஸ் திரை வந்து, சில நிமிடத்தில் தானாக அணைந்தால் சூடுதான் முதல் சந்தேகம். புதுக் கூலரின் அடியில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை உரிக்காமல் மாட்டுவது அடிக்கடி நடக்கிறது. கூலர் ஃபேன் வயர் சி.பி.யூ. ஃபேன் என்று எழுதிய இடத்தில் இருக்கிறதா பாருங்கள். பேஸ்ட் பட்டாணி அளவு போதும்.

20. திருப்பூர், சோமனூர், பல்லடம் பக்கம் வீட்டை ஒட்டியே தறியோ பனியன் கம்பெனியோ இருப்பவர்களுக்கு முக்கியமான குறிப்பு இது. பஞ்சுத் தூசி மண் தூசி போல உதிராது. கூலரின் தகடுகளுக்கு நடுவே கம்பளி போலப் படர்ந்து காற்றை முழுதாக அடைத்துவிடும். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஃபேனைக் கழற்றியபோது, பஞ்சுத் தூசி தலையணை உறைத் துணி போல ஒரே துண்டாக உரிந்து வந்தது. அதற்கு முன் மதியம் ஆனால் அணைந்துகொண்டிருந்த சிஸ்டம் அது. மாதம் ஒரு முறை வாசலுக்குத் தூக்கிப் போய், பெயிண்ட் பிரஷ்ஷாலும் புளோயராலும் சுத்தம் செய்யுங்கள். புளோயர் அடிக்கும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். தாறுமாறாகச் சுற்றவிட்டால் கெட்டுவிடும். பொள்ளாச்சிப் பக்கம் தென்னை நார்த் தூசிக்கும் இதே வைத்தியம். பல்லியும் எறும்பும் நுழையாமல், கேபினட் பின்பக்கத்தின் காலி ஸ்லாட்டுகளைத் தகடு போட்டு மூடுங்கள்.

விண்டோஸ் வரவில்லை

21. "பூட் டிவைஸ் இல்லை" என்று வந்தால் முதலில் செருகி மறந்த பென் டிரைவை எடுங்கள். பிறகு பயாஸுக்குள் போய் எஸ்.எஸ்.டி. பெயர் தெரிகிறதா பாருங்கள். தெரியவில்லை என்றால் அதைக் கழற்றி, சரியாகச் செருகி, முனை ஸ்க்ரூவை முறுக்குங்கள். தெரிந்தால் பூட் வரிசையில் அதை முதலிடத்துக்குக் கொண்டுவாருங்கள். தேதியும் நேரமும் பழைய வருடத்துக்குப் போயிருந்தால் சி.ஆர்.2032 பேட்டரி தீர்ந்துவிட்டது, புதிது போடுங்கள். விண்டோஸ் பாதியில் நின்றால், அது ஏறும்போதே பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணையுங்கள். இப்படி இரண்டு, மூன்று முறை செய்தால் பழுது நீக்கும் திரை தானாக வரும். அதில் சேஃப் மோடில் போங்கள். ஹார்ட் டிஸ்கிலிருந்து "டிக் டிக்" என்று சத்தம் வந்தால் மேற்கொண்டு ஆன் செய்யவே செய்யாதீர்கள். உள்ளே உள்ளதை மீட்கும் வாய்ப்பு ஒவ்வொரு முறையும் குறையும்.

22. இத்தனையும் பார்த்த பிறகும் வழி பிறக்கவில்லை என்றால் கடைக்குப் போங்கள். ஜி.எஸ்.டி. பில், பெட்டி, சீரியல் நம்பர் ஸ்டிக்கர் மூன்றும் பத்திரமாக இருக்கட்டும். வாரண்டி இருந்தும் தட்டிக் கழித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் செய்யலாம். எதை எப்போது கழற்றினோம், மாற்றியதும் என்ன ஆயிற்று என்று ஒரு நோட்டில் எழுதிக் கொண்டுபோனால், நீங்கள் செய்ததையே கடைக்காரர் திரும்பச் செய்ய வேண்டியதில்லை. உங்கள் நேரமும் அவர் நேரமும் மிச்சம்.

அந்த ஆடி ஞாயிறுக்குப் பிறகு என் மகனும் அப்படி ஒரு நோட்டு வைத்திருக்கிறான். இப்போது தெருவில் யார் வீட்டுக் கம்ப்யூட்டர் ஆன் ஆகவில்லை என்றாலும் அதை எடுத்துக்கொண்டுதான் போகிறான். முதல் பக்கத்தில், முதல் வரி: "8 பின் மாட்டலை."